தோண்டும் முன் குழாய்க்குள் பாருங்கள்

அமரவிளைப் பக்கத்து வீடுகளில் கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டால் ஆளுக்கொரு யூகம் சொல்வார்கள். பலா வேர் ஏறியிருக்கும் என்பார் ஒருவர். செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கும் என்பார் இன்னொருவர். வீடு கட்ட மணல் கொண்டுவந்த லாரி ஏறி அன்றைக்கே குழாய் உடைந்திருக்கும் என்பார் மூன்றாமவர். ஆசிட் ஊற்றிப் பார்ப்பார்கள், மூங்கில் பட்டையை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். எதற்கும் அசையாவிட்டால் கூந்தாலியும் மண்வெட்டியுமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். இன்டர்லாக் கல் பதித்த முற்றம், வாழை மூடு, கார் நிறுத்தும் சிமெண்ட் தளம் எல்லாம் பெயர்ந்து கிடக்கும். கடைசியில் பழுது தோண்டிய இடத்தில் இருக்காது, இரண்டு முழம் தள்ளி இருக்கும்.

இந்த அலைச்சலுக்கு மாற்று வழி உலகில் வந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. குழாயின் இரு முனைகளில் மட்டும் சிறு குழி எடுத்து, நடுவில் ஒரு பிடி மண்ணைக்கூட அள்ளாமல், பழைய குழாயை உடைத்துத் தள்ளிக்கொண்டே புதிய குழாயை இழுத்து வைத்துவிட முடியும். பெருநகரங்களின் பெரிய சாக்கடைகளுக்கு இந்தியாவிலேயே இதை ஒத்த முறைகள் நடைமுறையில் இருக்கின்றன. ஐந்து சென்டிலும் பத்து சென்டிலும் வீடு கட்டிக் குடியிருக்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்துக் குடும்பங்களுக்கு மட்டும் இது எட்டாமல் இருக்கிறது. முற்றம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. இங்கே கழிவுக் குழாயும் குடிநீர்க் கிணறும் ஒரே மண்ணில், சில அடி இடைவெளியில் இருக்கின்றன. அதனால் இது அழகுப் பிரச்சினை என்பதைத் தாண்டி உடல்நலப் பிரச்சினை. உள்ளாட்சிகள் முன்வந்து பொறுப்பேற்க வேண்டிய பிரச்சினை.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், நெய்யாற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர் அமரவிளை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும், அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அரசாங்கம் இரண்டானாலும் எல்லையின் இருபுறமும் வீடு கட்டும் முறை ஒன்றாகவே இருந்தது. தென்னையும் பலாவும் மரச்சீனியும் நிற்கும் விளையின் நடுவில் வீடு, ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் கக்கூஸ் குழி. விளை அரை ஏக்கராக இருந்த காலத்தில் அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. பாகம் பிரித்துப் பிரித்து ஐந்து சென்டாக வந்து நிற்கும்போது கணக்கு மாறிவிடுகிறது.

ஐந்து சென்ட் என்பது ஏறக்குறைய 202 சதுர மீட்டர். சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு 14 மீட்டர் சொச்சம், மூலைக்கு மூலை 20 மீட்டர். குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் செப்டிக் டேங்கோ உறிஞ்சுகுழியோ அமைக்கக் கூடாது என்கின்றன கேரளக் கட்டட விதிகள். செப்டிக் டேங்க் அமைப்பதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470 இன்னும் கண்டிப்பானது. கழிவுநீரை மண்ணுக்குள் விடும் இடத்துக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் நடுவில் 18 மீட்டர் வேண்டும் என்கிறது. ஐந்து சென்டில் 18 மீட்டர் வேண்டுமென்றால் கிணறு ஒரு மூலையிலும் குழி நேர் எதிர் மூலையிலும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நின்றாலும் அந்த மூலைக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரரின் கிணறு இருக்கும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. விதிகள் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பேசுகின்றன. வீட்டிலிருந்து குழிக்குப் போகும் குழாய் கிணற்றோரமாக ஓடுகிறதா என்று யாரும் அளப்பதில்லை. செப்டிக் டேங்கைத் தாண்டி வரும் நீர் ஓரளவாவது தெளிந்து வரும். டேங்குக்கு முன்னால் ஓடும் குழாயில் இருப்பது பச்சை மலம். அந்தக் குழாயில் ஒரு இணைப்பு விட்டுப்போனால், அதிலிருந்து கசிவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் மண்ணில் இறங்குகிறது. இங்குள்ள செம்மண்ணும் அதன் அடியிலுள்ள வெட்டுக்கல்லும் துளைகள் நிறைந்தவை. இடவப்பாதி மழையிலும் துலாமழையிலும் நிலத்தடி நீர் மேலேறும் மாதங்களில் குழாய்க்கும் கிணற்று நீருக்கும் உள்ள இடைவெளி மேலும் குறைகிறது. அடைப்பு வந்தால் வீட்டுக்கே தெரிந்துவிடும். கசிவு அப்படித் தெரியாது. தண்ணீர் தடையில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும், வீட்டுக்காரர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

கேரளம் 2016 நவம்பர் 1 அன்று திறந்தவெளியில் மலம் கழித்தல் ஒழிந்த மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. பெருமைப்பட வேண்டிய சாதனை. வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது. அதே மாநிலத்தின் திறந்த கிணறுகளில் மலக்கழிவிலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமிகள் பரவலாக இருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. கக்கூஸைக் கணக்கெடுத்த அரசு, அதிலிருந்து புறப்படும் குழாயை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் குழாய் எப்படிப் பழுதாகிறது? பழைய வீடுகளில் மண்ணுக்குள் இருப்பது பெரும்பாலும் மெருகிட்ட சுட்ட களிமண் குழாய், கொத்தனார்கள் வாயில் ஸ்டோன்வேர் பைப். இரண்டடித் துண்டுகளாக வரும், ஒவ்வொரு இணைப்பையும் சிமெண்டால் பூசியிருப்பார்கள். இருபதடி தூரம் என்றால் பத்து இணைப்புகள். களிமண் குழாய் நூறாண்டு தாங்கும், சிமெண்ட் பூச்சு தாங்காது. மண் சற்றே அமர்ந்தாலும் மயிரிழை விரிசல் விழும். அதிலிருந்து வரும் ஈரத்தைத் தேடி மரத்தின் வேர் நுனி உள்ளே நுழையும். உள்ளே தண்ணீரும் சத்தும் குறைவில்லாமல் கிடைப்பதால் நூலாக நுழைந்தது சில ஆண்டுகளில் சடையாகப் பெருகிக் குழாயை நிறைத்துவிடும்.

புதிய வீடுகளில் பிவிசி குழாய் போடுகிறார்கள், அதிலும் கோளாறு உண்டு. கட்டடத்துக்குள் கழிவுநீர் கொண்டுபோகும் குழாய்க்கு ஐ.எஸ். 13592 என்ற தரம் இருக்கிறது. அதில் ஏ வகை காற்றுக்கும் மழைநீருக்கும், பி வகை மலக்கழிவுக்கு. மண்ணுக்கடியில் புதைப்பதற்கென்றே ஐ.எஸ். 15328 என்ற தரத்தில் தடித்த குழாய் தனியாக இருக்கிறது. விலை குறைவு என்று மெல்லிய குழாயை வாங்கி, அடியில் மணல் விரிக்காமல் வெட்டுக்கல் சல்லிமேல் நேராக வைத்து மூடிவிடுவது பரவலாக நடக்கிறது. மேலே ஒரு டிப்பர் லாரி ஏறினால் குழாய் நசுங்கும். சரிவும் பலருக்குக் கைக்கணக்குதான். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு ஏறக்குறைய 57 அடிக்கு ஓரடி சரிவு வேண்டும். அதைவிடக் குறைந்தால் மலம் தங்கும்.

ஆகவே தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியது பார்ப்பது. வளையக்கூடிய நீண்ட கம்பியின் நுனியில் கட்டைவிரல் பருமனில் கேமராவும் அதைச் சுற்றிச் சிறு விளக்குகளும் இருக்கும். கம்பியைக் குழாய்க்குள் தள்ளத் தள்ள, மேலே இருக்கும் திரையில் குழாயின் உட்புறம் ஓடிக்கொண்டே வரும், ஓரத்தில் எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்ற எண் ஏறும். ஸ்டோன்வேர் குழாயில் இரண்டடிக்கு ஒரு வளையம் தெரியும், அதுதான் இணைப்பு. நல்ல இணைப்பு வட்டமாக இருக்கும். விலகிய இணைப்பில் ஒரு பக்கம் பிறை வடிவில் கறுத்திருக்கும், அந்தக் கறுப்பு வெளியிலுள்ள மண். வேர் ஏறிய இடத்தில் பழுப்பு நார்கள் தொங்கும். குழாய் தொய்ந்த இடத்தில் கேமரா தண்ணீருக்குள் மூழ்கி மறுபடி எழும். கேமராத் தலையிலேயே ஒரு சிறு அலைபரப்பி உண்டு. மேலே ஒருவர் கையில் கருவியோடு முற்றத்தில் நடந்தால், பழுது எந்த இடத்துக்கு நேர் கீழே, எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பதைச் சுண்ணாம்பால் குறி போட்டுவிடலாம். பல வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும். வேரை வெட்டி, உயர் அழுத்த நீரால் கழுவினால் போதும், அல்லது குறி போட்ட இடத்தில் மட்டும் மூன்றடிக் குழி எடுத்தால் போதும்.

முழு நீளமும் கெட்டுப்போயிருந்தால் குழாயை மாற்றத்தான் வேண்டும். அதற்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு.

முதல் வழி, பழையதை உடைத்துப் புதியதை இழுப்பது. 1970களின் இறுதியில் பிரிட்டனில் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனமும் டி.ஜே. ரயன் அண்டு சன்ஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து, தெருவுக்கடியில் துருப்பிடித்துக் கிடந்த வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்ற இதை உருவாக்கின. பிறகு கழிவுநீர்க் குழாய்க்கும் வந்தது. வீட்டுச் சுவரோரம் ஒரு குழி, செப்டிக் டேங்க் ஓரம் ஒரு குழி. பழைய குழாய் வழியாக எஃகு வடத்தைக் கோத்து, அதன் முனையில் கூம்பு வடிவ இரும்புத் தலையை மாட்டி, தலையின் பின்னால் எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக்கால் ஆன புதிய குழாயைக் கட்டுவார்கள். மறுமுனையில் ஹைட்ராலிக் கருவி வடத்தை இழுக்கும். கூம்பு முன்னேற முன்னேறப் பழைய குழாய் வெடித்துச் சில்லுகளாகச் சுற்று மண்ணில் அமிழும், புதிய குழாய் அதன் இடத்தில் வந்து அமரும். எச்டிபிஇ குழாயின் துண்டுகளை ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் இளக்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால் வீட்டிலிருந்து டேங்க் வரை இணைப்பே இல்லாத ஒரே குழாயாகிவிடும். வேர் நுழைய வழியில்லை, கசியவும் வழியில்லை.

இரண்டாவது வழி, பழைய குழாய்க்குள்ளேயே புதிய குழாயை வார்ப்பது. 1971இல் லண்டனின் ஹேக்னி பகுதியில் எரிக் வுட் என்ற பொறியாளர் 70 மீட்டர் நீளமுள்ள பழைய செங்கல் சாக்கடையில் இதைச் செய்து காட்டினார். பிசினில் ஊறிய துணிக் குழலை, சட்டைக் கையை உள்புறம் வெளியே வரும்படி திருப்புவதுபோல, நீரின் அழுத்தத்தால் குழாய்க்குள் திருப்பிச் செலுத்துவார்கள். பிசின் பட்ட பக்கம் பழைய சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரோ நீராவியோ விட்டால், அண்மைக்காலக் கருவிகளில் புற ஊதாக் கதிர் பட்டால், துணி கெட்டியாகிக் குழாயாகிவிடும். பல பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் ஹேக்னியின் அந்த உறை பயன்பாட்டில் இருந்தது.

இவற்றை மாயமந்திரமாக விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டு முறையிலும் புதிய குழாய் பழைய குழாயின் பாதையிலேயே போகும். பழையது தொய்ந்திருந்தால் புதியதும் தொய்ந்துதான் இருக்கும், அந்த இடத்தைத் தோண்டிச் சரிவைச் சரிசெய்தே ஆக வேண்டும். கூர்மையான முழங்கை வளைவு இருந்தால் கூம்பு திரும்பாது. குழாய் ஓரடி ஆழத்தில் மட்டும் இருந்தால், இழுக்கும்போது மேல்தளம் உப்பிப் பிளக்கக்கூடும். கெட்டியான வெட்டுக்கல்லை வெட்டி அதற்குள் குழாய் பதித்திருந்தால் சில்லுகள் ஒதுங்க இடமிருக்காது. பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால் அதை உடைக்கவே கூடாது, அந்தத் தூள் என்றென்றைக்கும் மண்ணில் தங்கிவிடும். இன்டர்லாக் கல்லைப் பொறுத்தவரை, அதைப் பெயர்த்துத் திரும்ப அடுக்கிவிடலாம் என்பதால் பத்தடிக் குழாய்க்குப் பொறியை வரவழைப்பது வீண். இருபதடிக்கு மேல் நீளம், நடுவில் மரமோ சுவரோ சிமெண்ட் தளமோ, இரண்டடிக்கு மேல் ஆழம் என்றிருக்கும் இடங்களில்தான் இந்த முறை தன் மதிப்பைக் காட்டும்.

பிசின் உறை முறையில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் பிசினில் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள் உண்டு. 2017இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீராவியால் உறையைக் கெட்டியாக்கும் இடங்களில் வெளிவரும் வெண்புகையில் வெறும் நீராவி மட்டும் இல்லை, ஸ்டைரீன் உள்ளிட்ட ரசாயனங்களும் இருக்கின்றன என்று காட்டினார்கள். தொழிலாளிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் அது தீங்கு. விரிசல் விழுந்த குழாய்க்குள் கெட்டியாகாத பிசினைச் செலுத்தும் வேலையைத் திறந்த கிணற்றுக்குச் சில மீட்டர் தூரத்தில் செய்வது சரியல்ல. அமரவிளை போன்ற ஊருக்குப் பிசின் உறையைவிட எச்டிபிஇ குழாயை இழுத்து வைக்கும் முறையே பொருத்தம். கழிவுநீருக்கான எச்டிபிஇ குழாய்க்கு ஐ.எஸ். 14333 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டு ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. அமரவிளை வழியாகத் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதை போகிறது. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு குழாய் கொண்டுபோக வேண்டுமென்றால் யாரும் பாதையைப் பிளப்பதில்லை, அடியில் துளைத்தோ தள்ளியோதான் கொண்டுபோகிறார்கள். நெடுஞ்சாலைக்கு அடியில் தொலைபேசி நிறுவனங்களின் கண்ணாடி இழைக் கம்பிகள் போனதும் அப்படித்தான். டெல்லி குடிநீர் வாரியம், சாலைக்கு அடியில் இடிந்துகொண்டிருந்த பெரிய பிரதானச் சாக்கடைகளைப் பல கிலோமீட்டர் நீளத்துக்குத் தோண்டாமலேயே உறையிட்டுப் புதுப்பித்தது. சிங்கப்பூரில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து தீவு முழுவதும் பழைய சாக்கடைகளை இதே வழியில் சீர்செய்து வருகிறார்கள். மறுபுறம், பாதாளச் சாக்கடைக்காக ஆண்டுக்கணக்கில் வெட்டிக் கிடந்த நாகர்கோவில் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தோண்டுவதன் விலை என்னவென்று தெரியும். ரயிலுக்கும் நெடுஞ்சாலைக்கும் காட்டும் அக்கறையைக் குடும்பங்களின் கிணற்றுக்கும் காட்டலாம்.

கழிவை அள்ள இறங்கும் மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமரவிளையிலிருந்து சில கிலோமீட்டரில் மாராயமுட்டம். அந்த ஊர்த் தொழிலாளி ஒருவர் 2024 ஜூலை 13 அன்று, திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கினார். கொட்டும் மழையில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தீயணைப்புப் படையும் முக்குளிப்பவர்களும் ரோபோக்களும் தேடின. ஜூலை 15 அன்று உடல் கிடைத்தது. வேலைக்கு இறங்கும்போது அவருக்காக எந்த ரோபோவும் வரவில்லை. தேடும்போது வந்தது.

அந்த ரோபோவும் திருவனந்தபுரத்தின் பிள்ளைதான். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆளிறங்கு குழிக்குள் சிக்கிய இரண்டு தொழிலாளிகளும், அவர்களைக் காப்பாற்றக் குதித்த ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தச் சாவு உலுக்கிய குற்றிப்புறம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பாண்டிகூட் என்ற சாக்கடை தூர்வாரும் ரோபோவைச் செய்தார்கள். 2018இல் கேரளக் குடிநீர் ஆணையத்தின் ஆதரவோடு அது திருவனந்தபுரத்தில் வேலைக்கு இறங்கியது. தமிழ்நாட்டில் கும்பகோணத்துக்கும் அது வந்தது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. பாதாளச் சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. ஆனால் சட்டமும் தீர்ப்பும் வீட்டு முற்றத்துக்குள் அரிதாகவே எட்டிப்பார்க்கின்றன. அடைத்துப்போன குழாயைத் தோண்டி எடுப்பவரும், உடைந்த துண்டை வெறுங்கையால் எடுத்து வீசுபவரும், டேங்க் மூடியைத் திறந்து உள்ளே குனிபவரும் பெரும்பாலும் கையுறைகூட இல்லாத தினக்கூலிக்காரர்கள். இணைப்பில்லாத குழாயும் முன்னதாகப் பார்க்கும் கேமராவும் அவர்களை அந்த வேலையிலிருந்தே விடுவிக்கும். இந்த முறைக்காக வாதாட இது ஒன்றே போதுமான காரணம்.

பணத்துக்கு எங்கே போவது? தனி வீட்டுக்காரர் ஒருவர் கருவியை வரவழைத்தால் கட்டுபடியாகாது. நாற்பது வீடுகள் வரிசையாகச் செய்தால் கருவியின் வாடகை நாற்பதாகப் பிரியும். கலிபோர்னியாவின் ஓக்லாந்து வட்டாரத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. வீட்டுக் குழாய்களின் விரிசல் வழியாக மழைநீர் புகுந்து சாக்கடை நிரம்பி வழிந்து சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் கலந்ததால், அங்குள்ள ஈஸ்ட் பே குடிநீர் வாரியம் 2011 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டை விற்கும்போதோ பெரிய அளவில் புதுப்பிக்கும்போதோ, வீட்டுக் கழிவுக் குழாய் கசியவில்லை என்று சோதித்துச் சான்று வாங்க வேண்டும். குழாயை முழுமையாக மாற்றினால் சான்று 20 ஆண்டுகளுக்குச் செல்லும், பழுது மட்டும் பார்த்தால் 7 ஆண்டுகளுக்கு. தேவை ஒரே சீராக வந்ததும் தோண்டாமல் மாற்றும் வேலை அங்கே சாதாரணப் பிளம்பர்களின் அன்றாடத் தொழிலாகிவிட்டது.

அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்பதில்லை. விற்பனைப் பத்திரத்துக்கு இன்னொரு சான்று கேட்டால் ஏழைக்குத்தான் சுமை ஏறும். இங்கே முதலில் அரசு தன் பங்கைச் செய்ய வேண்டும், அதற்கு வழிகள் இருக்கின்றன. 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து கேரளத்தின் உள்ளாட்சிகள் தங்கள் கையில் திட்ட நிதி வைத்திருக்கின்றன. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. நெய்யாற்றின்கரை நகராட்சியும் பாறசாலை முதலான சுற்று ஊராட்சிகளும் சேர்ந்து இரண்டு கேமராக்கள், ஒரு இடங்காட்டும் கருவி, ஒரு நீர்பீச்சும் வண்டி, ஒரு சிறிய இழுவைப் பொறி வாங்கினால் வட்டம் முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். அமரவிளைக்கு அருகே தனுவச்சபுரத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. எச்டிபிஇ குழாயைச் சூட்டில் ஒட்டுவதும், கேமராப் படத்தைப் படிப்பதும், வடத்தைப் பாதுகாப்பாக இழுப்பதும் அங்கே சில வாரப் பயிற்சியாகச் சொல்லித்தரத் தகுந்த வேலைகள். இன்று கூந்தாலியோடு வரும் தொழிலாளர்களுக்கே முதல் இடம் தர வேண்டும். கூலியை உள்ளாட்சியே நிர்ணயித்து அறிவிக்க வேண்டும், வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களும் படிக்கும்படி அந்த அறிவிப்பு தமிழிலும் இருக்க வேண்டும்.

பாதாளச் சாக்கடை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. கேரளத்தில் திருவனந்தபுரம், கொச்சி ஆகியவற்றின் சில பகுதிகளைத் தவிர அது மிக அரிது. தலைநகரின் சாக்கடைக் கட்டமைப்பு மன்னர் காலத்தில் தொடங்கி 1940களில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு நாளைக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முட்டத்தறை நிலையம் 2013இல்தான் இயங்கத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நகரத்தின் பெரும்பகுதி செப்டிக் டேங்கை நம்பித்தான் இருக்கிறது. பாறசாலைவரை அந்தக் குழாய் வர இன்னும் ஒரு தலைமுறை ஆகலாம். அது வந்தாலும் வீட்டிலிருந்து தெருவரை ஓடுவது இதே குழாய்தான். அது கசிந்தால் புதிய திட்டமும் கசியும்.

வீட்டுக்காரர்கள் இன்றைக்கே பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. புதிய வீடு கட்டுபவர்கள், குழாயை மூடுவதற்கு முன் வீட்டு மூலையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எத்தனை மீட்டர் என்று அளந்து ஒரு தாளில் வரைந்து, கைபேசியில் படமும் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். கட்டட அனுமதிக்கான வரைபடத்திலேயே குழாயின் பாதையையும் ஆழத்தையும் காட்டச் சொல்லி உள்ளாட்சி கேட்க வேண்டும். திருப்பத்தில் எல்லாம் திறந்து பார்க்கும் சிறு தொட்டி வைத்தால் பிற்காலத்தில் கேமரா நுழைய வழி கிடைக்கும். செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற லாரியை அழைத்துத் தூர்வார வேண்டும், அந்த லாரி கழிவை நெய்யாற்றின் கரையில் கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா என்று ரசீது கேட்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் கிணற்று நீரைக் கோலிஃபார்ம் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

உள்ளாட்சிகளிடம் கேட்க வேண்டியதைக் கிராமசபையிலும் வார்டு சபையிலும் வரும் திட்ட ஆண்டுக்கே தீர்மானமாக எழுதித் தரலாம். முதல் ஆண்டில் கேமராவும் இடங்காட்டும் கருவியும் வாங்குவது. குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் கழிவுக் குழாய் ஓடும் வீடுகளைக் கணக்கெடுத்து, இடவப்பாதி தொடங்கும் முன் அந்த வீடுகளின் குழாயை இலவசமாகப் பார்த்து முடிப்பது. இரண்டாம் ஆண்டில் இழுவைப் பொறி வாங்குவது. கசிவு உறுதியான வீடுகளில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு முழுச் செலவையும் உள்ளாட்சி ஏற்பது, மற்றவர்களுக்கு வீட்டுவரியோடு சேர்த்துத் தவணையாக வாங்கிக்கொள்வது.